தண்ணீருக்கு நான் சொன்ன பெயர்

முதலில் போனது ஒரு சின்னச் சொல். சாவி என்பதற்கான யேர்மன் சொல்.

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் நான் வேலைசெய்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டிருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்து விருந்தினர்கள் மலைக்குப் புறப்படும் நேரம். ஒருவர் தன் அறையின் சாவி அட்டையை மேசையில் வைத்து, இது வேலை செய்யவில்லை என்றார். புதுச் சாவி தருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘புது’ வந்தது. அடுத்தது வரவில்லை.

களைப்பு என்று நினைத்தேன். அட்டையை எடுக்க வலது கையை நீட்டினேன். விரல்கள் அதைத் தள்ளினவே தவிர எடுக்கவில்லை. அட்டை நிலத்தில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, கேட்பதற்குச் சொல் இல்லை. யேர்மன் இல்லாவிட்டால் ஆங்கிலம், அதுவும் இல்லாவிட்டால் தமிழ் என்று உள்ளே தேடியது நன்றாக நினைவிருக்கிறது. எங்கேயும் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் நின்ற சக ஊழியர் ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள். வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்ததாம். என்னிடம் எதுவும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தாள். இதை வாசிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நான் இருந்து பார்த்திருப்பேன். அவள் விடவில்லை.

ஹெலிகொப்டரில் பேர்ண் நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மலைகளை மேலிருந்து பார்க்க எத்தனையோ பேருக்கு ஹெலிகொப்டரில் இடம் பதிந்து கொடுத்தவள் நான். நான் ஏறிய ஒரே தடவை பார்த்தது அதன் கூரையை மட்டும்.

எனக்கு வந்தது பாரிசவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் தடைப்பட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் குழாய் ஒன்றை இரத்தக்கட்டி அடைத்திருந்தது. கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். பிறகு தொடை வழியாகக் கத்தீட்டர் (இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) விட்டுக் கட்டியை இழுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. கால் பெரும்பாலும் தப்பியது. வலது கை பாதி.

பேச்சைப் பற்றி வைத்தியர் சொன்ன சொல் அஃபேசியா (மூளைப் பாதிப்பால் சொற்களைத் தேடி எடுக்கவும் கோக்கவும் முடியாமல் போவது, புத்தி மழுங்குவது அல்ல). அடைப்புக்குறிக்குள் இருக்கிற கடைசிப் பகுதியை உங்கள் உறவினர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் கட்டிலைச் சுற்றி நின்று, எனக்கு விளங்காது என்ற நினைப்பில் கதைத்தவர்கள் சிலர். எனக்கு எல்லாம் விளங்கியது.

என் கணவர் குகன் வேறொரு ஹோட்டலில் சமையல்காரர். சமையல் உடுப்போடு, கையில் வெங்காய மணத்தோடு வந்து கட்டிலின் பக்கத்தில் நின்றார். மகள் ஆரணி பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்தாள். அவள் வைத்தியரிடம் யேர்மனில் கேட்டு, அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெயரை நான் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு அப்போது முக்கியமாகப் பட்டது. வாயைத் திறந்தால் மூச்சு மட்டும் வந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஆரணி யன்னல் மறைப்பை மேலே தூக்கினாள். வெளியே ஒரு மரம் நின்றது. இலைகளுக்குள்ளால் வெயில் நுழைந்து என் போர்வையில் அசைந்தது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் பெயரைச் சொல்லப் போனேன்.

“கொமொரெபி” என்றேன்.

தெளிவாக, குழறல் இல்லாமல் வந்தது. அவள் ஓடி வந்தாள்.

“என்னம்மா? திரும்பச் சொல்லுங்கோ.”

“கொமொரெபி.”

அவள் நடைபாதைக்கு ஓடி, “அப்பா, அம்மா கதைக்கிறா!” என்று கத்தியது கேட்டது. குகன் வந்து என் இடது கையைப் பிடித்தார்.

“சொல்லுமப்பா. என்ன வேணும் உமக்கு?”

அதே சொல்லைத் திரும்பவும் சொன்னேன். அவருடைய முகத்தில் இருந்த சந்தோசம் மெல்ல மெல்லக் குழப்பமாக மாறியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது என்ன பாசை?” என்று மகளைக் கேட்டார்.

அன்று பின்னேரம் பெரிய வைத்தியர் மாணவர்களோடு என்னைப் பார்க்க வந்தபோது, ஹோட்டல் வாசலில் யப்பானிய விருந்தினர்களை வரவேற்கும் வாசகத்தை முழுதாக, தலை குனிந்து அவருக்குச் சொன்னேன். மாணவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும்.

நான் யப்பானிய மொழி படித்தவள் அல்ல. இன்டர்லாக்கனுக்கு யப்பானியர் நிறைய வருவதால் வரவேற்புக்கு வேண்டிய வாசகங்களைப் பாடமாக்கியிருந்தேன். மற்றச் சொற்கள் வேறு வழியில் வந்தவை. எங்கள் மேசைக்கு எதிரே பெரிய யன்னல் ஒன்று உண்டு. தெளிந்த நாட்களில் யுங்ஃப்ராவ் மலை முழுதாகத் தெரியும். விருந்தினர்கள் சாவியைக் கேட்பதற்கு முன் யன்னலைப் பார்த்து, தங்களுக்குள் ஏதாவது ஒரு சொல்லைச் சொல்வார்கள். எல்லோரும் அல்ல, சில வயதானவர்கள். அது என்ன சொல் என்று அறிய எனக்கு ஆசை. யப்பானியக் குழுக்களுக்கு வழிகாட்டியாக வரும் மிச்சிகோவைக் கேட்பேன். என் வயதுக்காரி, ஒரு சுவிஸ்காரரைக் கட்டி இங்கேயே இருப்பவள். ஆட்கள் குறைந்த மாதங்களில் இருவரும் ஆரே ஆற்றங்கரையில் நடப்போம். ஒரு சொல்லை அதன் பொருளைக் காணும்போதுதான் சொல்லித் தருவாள். பனி விழாத அன்று பனியைப் பற்றிக் கேட்டால் “இன்றைக்கு இல்லை” என்பாள். அப்படி நடந்ததில் சில சொற்கள் சேர்ந்தன. கொமொரெபி அவற்றில் ஒன்று. இலைகளுக்கிடையே வடிந்து வரும் வெயில்.

பல மொழி தெரிந்தவர்களுக்குப் பேச்சுப் போனால், மொழிகள் வழக்கமான வரிசையில் திரும்ப வேண்டும் என்றில்லை என்று வைத்தியர் விளக்கினார். பெரும்பாலும் தாய்மொழியோ தினமும் பேசும் மொழியோ முந்தும். சிலருக்கு, பிந்திக் கற்ற மொழி முந்தும். ஏன் என்று கேட்டாள் ஆரணி. முழுதாகத் தெரியாது என்றார் அவர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வைத்தியரில் எனக்கு நம்பிக்கை வந்தது.

அங்கிருந்து ஏரிக்கரையில் இருக்கும் ஒரு புனர்வாழ்வு நிலையத்துக்கு என்னை மாற்றினார்கள். காலையில் காலுக்குப் பயிற்சி, பிறகு கைக்கு, பின்னேரம் பேச்சுக்கு. பேச்சுப் பயிற்சி தந்தவர் கத்ரின். மேசையில் படங்களைப் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்பார். கோப்பை, கதிரை, பூனை. எதுவும் வராது. ஒரு நாள் தண்ணீர்க் கிளாசைக் காட்டினார்.

“சசனமி” என்றேன்.

அவர் தன் கைபேசியில் அந்த ஓசையைப் பதிந்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு தாகம் எடுக்கும்போதெல்லாம் அதுதான் வந்தது. குளிர்ந்தால் ‘கொகராஷி’ வந்தது. நான் தமிழில் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் என்று நினைப்பேன், அதை வாய்க்கு அனுப்புவேன், போய்ச் சேர்வது வேறொன்றாக இருக்கும். அது பிழையென்று எனக்குக் கேட்கும். கேட்டும் திருத்த முடியாது. இந்த நோயில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான்.

குகனுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய யேர்மன் அவர் சமைக்கும் குசினிக்கு மட்டும் போதுமானது. கத்ரினோடு கதைக்க மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் நடுவில் சக்கரக் கதிரையில் இருந்தேன்.

“அவவிட்டைக் கேள், இந்த யப்பான் கதையை நிப்பாட்டேலாதோ எண்டு. தமிழ் வரவேண்டிய இடத்திலை அது வந்து குந்திக்கொண்டிருக்கு.”

“அப்பா, அப்பிடிக் கேக்கேலாது.”

“கேள் பிள்ளை. நான் கலியாணம் கட்டினது இந்தப் பாசை கதைக்கிற ஆளை இல்லை.”

ஆரணி அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தாள். கத்ரின் குகனைப் பார்த்தே பதில் சொன்னார். “அந்தச் சொற்கள் வரும்போது இவருடைய மூச்சும் நாக்கும் பழகுகின்றன. அதை நான் நிறுத்த மாட்டேன். எனக்குத் தமிழ் தெரியாது. தமிழ் உங்களுடைய வேலை. தினமும் வந்து கதையுங்கள். இவர் பதில் சொல்லாவிட்டாலும் கதையுங்கள். இவருடைய வசனத்தை மட்டும் நீங்கள் முடித்துவைக்க வேண்டாம்.”

குகன் எழுந்து வெளியே போனார். வெளியே நடைபாதையில் ஆரணி அப்பாவிடம் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. “காத்துக்குப் பேர் வருது, தண்ணிக்குப் பேர் வருது, என்ர பேர் மட்டும் வருகுதில்லை.” அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் வந்து கதைத்தார். அதிகம் பேசாத மனிதர் அவர். என்ன கதைப்பது என்று தெரியாமல், அன்று குசினியில் நடந்ததைச் சொன்னார். எத்தனை பேருக்குச் சமைத்தது, யார் உப்பைக் கூடப் போட்டது, எந்தச் சட்டி அடிப்பிடித்தது. எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் இவ்வளவு கதைத்ததை நான் முன்பு கேட்டதில்லை.

மிச்சிகோவை வரச் சொன்னதும் அவர்தான். எனக்கு அது தெரியாது. ஒரு சனிக்கிழமை அவள் அறைக்குள் வந்தபோது, கத்ரின் பதிந்து வைத்த சொற்களை ஆரணி அவளுக்குப் போட்டுக் காட்டினாள். மிச்சிகோ ஒவ்வொன்றையும் யேர்மனில் விளக்க, ஆரணி அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

சசனமி என்பது தண்ணீர் அல்ல. காற்றுப் பட்டால் நீரின் மேல் எழும் சின்னஞ்சிறு அலைகள். கொகராஷி குளிர் அல்ல. இலையுதிர் காலத்தின் முடிவில் மரங்களை வாட்டிப்போட்டு வீசும் காற்று.

“யப்பானிலே தாகம் எடுத்தால் ஒருவரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்” என்று சொல்லி மிச்சிகோ சிரித்தாள். “இந்தச் சொற்களில் சிலதை என் மகன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.”

குகன் யோசித்தார். “அப்ப முழுப் பிழையில்லை. கிட்டத்தான் நிக்கிறா” என்றார்.

கத்ரினும் பிறகு அதையே சொன்னார். சரியான சொல் அகப்படாதபோது பொருளால் அதற்கு அயலில் இருக்கும் சொல் வருவது இந்த நோயில் வழக்கம். என் அயல் கொஞ்சம் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு பாசை உண்டானது. “சசனமி வேணுமோ?” என்பார் குகன், யாழ்ப்பாணத்து இழுவையோடு. “கொகராஷியோ? யன்னலைப் பூட்டவோ?” நான் தலையாட்டுவேன். தாதிகளும் பழகிக்கொண்டார்கள். மலையையும் காற்றையும் பார்த்து யாரோ மனம் நிறைந்து சொன்ன சொற்களை நான் போர்வைக்கும் தண்ணீருக்கும் செலவழித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. வேறு கையிருப்பு இல்லை.

வசந்தம் தொடங்கியபோது ஹோட்டல் முகாமையாளர் குகனை அழைத்து, வரவேற்பு மேசைக்கு வேறொருவரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னாராம். அன்று குகன் வந்து யன்னலோரக் கதிரையில் இருந்து விசயத்தைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு குசினிக் கதை வரவில்லை. அவர் அழுததை நான் அதற்கு முன் ஒரேயொரு தடவை கண்டிருக்கிறேன். அழாதேங்கோ என்று சொல்லப் போனேன்.

“ஹருசமே.”

“இப்ப இதென்ன?” என்றார் முகத்தை மூடிக்கொண்டு.

ஆரணி கைபேசியில் தேடினாள். “மழையாம் அப்பா. வசந்தகாலத்துச் சின்ன மழை.”

அவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். “வெளியிலை மழை இல்லையே.”

“உங்களைச் சொல்லுறா அப்பா.”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேருக்கும்.

தமிழ் வந்தது பயிற்சியால் அல்ல, எரிச்சலால். நிலையத்தின் சூப்பில் உறைப்பில்லை என்று குகன் வீட்டிலிருந்து ரசம் கொண்டுவருவார். ஒரு நாள் நான் வயிறு நிறைந்து கையை அசைத்தும் கேட்காமல் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

“காணும்!” என்றேன்.

அகப்பை அப்படியே நின்றது. “என்ன சொன்னீர்?”

“காணும், காணும்.”

யாழ்ப்பாணத்தில் போதும் என்பதற்கு அதுதான் சொல். அவர் அகப்பையை மேசையில் வைத்துவிட்டு நடைபாதைக்குப் போய், யேர்மன் மட்டும் தெரிந்த தாதி ஒருத்தியிடம் தமிழிலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது தன்னியக்கப் பேச்சு (யோசிக்காமல் வாயில் வரும் பழகிய சொற்கள்) என்றார் கத்ரின். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொற்களுக்குப் போகலாம் என்றார். போனோம். இல்லை, ஓம், வா, சூடு, நோகுது. கோடை வரும்போது சின்ன வசனங்கள் வந்தன. யேர்மன் அதற்குப் பின்னால், நொண்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குத் திரும்பிய நாளில் வழியில் ரயில் மாற வேண்டியிருந்தது. என் பையோடு முன்னால் போன ஆரணி எதிர்ப்பக்க ரயிலில் ஏறப் போனாள்.

“ஆரணி! அதில்லை!”

அவள் நின்றாள். திரும்பி வந்து பையைக் கீழே வைத்தாள். “அம்மா, இன்னொருக்காக் கூப்பிடுங்கோ.”

முயன்றேன். வரவில்லை. ரயில் பயணம் முழுவதும் முயன்றேன். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “பரவாயில்லை, நான் கேட்டனான்” என்றாள். இப்போது அந்தப் பெயர் பெரும்பாலும் வருகிறது. வராத நாட்களில் அவள் காத்திருக்கிறாள்.

தமிழ் கூடக் கூட, யப்பானியச் சொற்கள் குறைந்தன. எப்போது போயின என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் குகன் பகிடியாக “சசனமி வேணுமோ?” என்று கேட்டபோது, அது தண்ணீரைக் குறிக்கிறது என்று பழக்கத்தால் விளங்கியதே தவிர, என் வாயிலிருந்து வந்த சொல் என்ற உணர்வு இருக்கவில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள சொற்களையும் ஆரணியைக் கேட்டுத்தான் எழுதினேன். இது நல்ல அறிகுறி என்றார்கள். நல்ல அறிகுறிதான். மிச்சிகோவிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று திரும்பி வரும்போது இன்னொன்று போகலாம் என்பதை உங்களில் யாருக்காவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஹோட்டலில் இப்போது துணிகள் வைக்கும் அறையில் அரைநாள் வேலை. துவாய்களை இடது கையால் மடித்து வலது கையால் அழுத்துகிறேன். வலது கைக்கு ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். விரி, வை, விடு. முன்பு அது என் கை. இப்போது அது என்னோடு கூட வேலை செய்யும் ஆள் மாதிரி, நல்லவர்தான், கொஞ்சம் மெதுவு.

எல்லாமே மெதுவு. ஒருவர் கேள்வி கேட்டால் அதற்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. தொடக்கத்தில் அது பயமாக இருந்தது. எதிரில் நிற்பவர் அதை நிரப்ப அவசரப்படுவார், நானும் அவசரப்படுவேன், இரண்டு பேரும் விழுவோம். இப்போது நான் அவசரப்படுவதில்லை. முன்பு ஒன்றைக் கண்டவுடனே பெயர் வந்து அதை மூடிவிடும். இப்போது பொருள் முதலில் வருகிறது, பெயர் பிந்தி வருகிறது. ஒரு மஞ்சள் நிறப் பேரிக்காயை, அது பேரிக்காய் என்று ஆவதற்கு முன், நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஆரணியும் நானும் பேருந்துக்கு நின்றோம். வானம் நீலமாக இருந்தது, வெயில் எறித்தது. ஒரு முகிலும் இல்லாமல், எங்கோ மலைப்பக்கத்துக் காற்றில் அகப்பட்டு வந்த பனித்துகள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைந்து இறங்கின. நிலத்தைத் தொடும் முன்பே சில கரைந்தன.

“இதுக்கும் ஒரு பேர் சொல்லுவீங்கள், அம்மா. யப்பானிலை. என்னது?”

ஒரு பெயர் இருக்கிறது. எனக்குத் தெரியும் என்பது தெரிந்தது. மிச்சிகோ இதற்காகவே என்னை ஒரு தடவை பாலத்தில் நிறுத்திவைத்ததும் நினைவிருந்தது. பெயர் இல்லை. ஆரணி கைபேசியை எடுத்தாள். நான் என் வலது கையை அதன் மேல் வைத்தேன். கை தானாகவே போயிருந்தது, நான் சொல்லவில்லை.

“பொறு” என்றேன். “பாப்பம்.”

பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.